இரண்டு சகலைகளும் ஒரு ட்வீட்டரும்

என் வீட்டுக்காரருக்குப் பொறாமை உண்டு என்று சொன்னால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். உப்பு கரிக்கும் என்று சொல்வது போலத்தான் அது. பக்கத்து வீட்டுத் தொட்டியில் ஒரு பூ பூத்தால் எங்கள் வீட்டுத் தொட்டிக்கு அன்று இரண்டு வேளை தண்ணீர் கிடைக்கும். யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போனால், நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கை தானாக அதன் காலைத் தடவிப் பார்க்கும். உளித்தடம் விரலில் நெருடினால் அன்று நன்றாகச் சாப்பிடுவார். வழவழவென்று இருந்தால் பாதியிலேயே கை கழுவிவிடுவார்.

அவர் மரம் கடைபவர். ஒரு மரச்சாமான் பட்டறையில் கட்டில் கால், மேஜைக் கால், மாடிப்படித் தூண் எல்லாம் அவர் கையால்தான் உருவாகும். தெருவில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. கடைசல் என்றால் தெரியும். கெட்ட மனிதர் இல்லை. பிறர் பொருளுக்கு ஆசைப்பட மாட்டார். பிறருக்குக் கிடைக்கும் பாராட்டு மட்டும் அவருக்குத் தாங்காது. அது வந்து சேர வேண்டிய முகவரி தன்னுடையதுதான் என்றும், வழியில் யாரோ பிரித்துப் படித்துவிட்டார்கள் என்றும் நினைப்பார்.

பட்டறைக்கு ஒருமுறை ஸ்பீக்கர் பெட்டிகள் செய்யச் சொல்லி ஒருவர் வந்தார். அந்த வேலை முடிந்த பிறகும் இவருக்கு அதில் ஆசை விடவில்லை. மிஞ்சிய ப்ளைவுட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளே வைக்கும் சாமான்களைக் கடையில் வாங்கி, எங்கள் முன்னறையில் ஒரு பெட்டி செய்தார். அதைக் கேட்டுவிட்டுத் தையல்கடைக்காரர் ஒன்று கேட்டார். பிறகு டீக்கடைக்காரர். கடைசல் பெட்டி என்று அதற்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. யாராவது அந்தப் பெயரைச் சொன்னால், காதில் விழாதவர் போல இன்னொரு முறை சொல்லவைப்பார்.

அப்போதுதான் என் அக்காவும் அத்தானும் எங்களுக்குப் பின் தெருவில் குடிவந்தார்கள். அத்தான் டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர். அவரும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் சகலை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லில் ஒரு சங்கடம் இருக்கிறது. அண்ணன், தம்பி என்றால் யார் மேலே, யார் கீழே என்று ஆளுக்கொரு படி உண்டு. சகலைகள் இரண்டு பேரும் ஒரே படியில் நிற்க வேண்டும். முழங்கை இடிக்கத்தான் செய்யும்.

வந்த புதிதில் அத்தான் எங்கள் முன்னறைப் பெட்டியைக் கேட்டார். நடுவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம், சுவரோரம் நகர்ந்து கொஞ்ச நேரம். பிறகு சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு சகலை. ஆனா நேரா உக்காந்தா காதைக் குத்துது. ஓரமா உக்காந்தா கதவைச் சாத்தின மாதிரி இருக்கு."

என் வீட்டுக்காரர் அன்று ராச்சாப்பாட்டில் குறை கண்டுபிடித்தார். மறுநாள் காலையில் அவரே சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அத்தான் சொன்னது உண்மை என்பதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

இந்தப் பெட்டிகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். ஒரு பெட்டியில் இரண்டு வாய். கீழே அகலமான ஊஃபர், தடித்த சத்தத்துக்கு. மேலே உள்ளங்கைக்குள் அடங்குகிற ட்வீட்டர், மெல்லிய சத்தத்துக்கு. வருகிற பாட்டை இரண்டாகப் பிரித்து, உனக்கு இது, உனக்கு அது என்று கொடுக்கிற சின்னப் பலகைக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். அது கடையில் வாங்கியதாக இருந்தால் ஏதோ ஒரு பெட்டிக்குச் செய்ததாக இருக்குமே தவிர, நம் பெட்டிக்குச் செய்ததாக இருக்காது என்று அத்தான் சொன்னார். பலகையைத் தானே செய்து தருவதாகவும் சொன்னார். காதைக் குத்துவதற்கும் ஒரு வழி சொன்னார். தூரத்தில் போகிறவரைக் கூப்பிடும்போது வாயைச் சுற்றிக் கையைக் குவிப்போமே, அதுபோல ட்வீட்டரைச் சுற்றி மரத்தில் ஒரு குழிந்த வட்டம் கடைந்து, அதன் அடியில் ட்வீட்டரை உட்கார வைக்க வேண்டும். சத்தம் எந்தப் பக்கம் எவ்வளவு போக வேண்டுமோ அவ்வளவு போகும். அதற்கு வேவ்கைடு என்று பெயர்.

யோசனை சகலையுடையது என்பதால் என் வீட்டுக்காரர் பல நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு நாள், பட்டறையில் மிஞ்சிய கட்டைகளை ஒட்டி, லேத்தில் ஏற்றி, ஒரு வேவ்கைடு கடைந்து எடுத்துவந்தார். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து அது கன்னம் மாதிரி இருந்தது. நான் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் தொட்டேன். அது போதும் அவருக்கு. அத்தான் வந்து, கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "புனல் அம்சமா வந்திருக்கு சகலை" என்றார்.

புனல் என்ற சொல் அன்றைக்கு உள்ளே போய்த் தைத்தது. அத்தான் விளையாட்டாகச் சொன்னாரோ, வேண்டுமென்றே சொன்னாரோ எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவர் வேறு பெயரே சொல்லவில்லை. புனலைக் கொடுங்க, புனலை ஒட்டிடலாமா, புனல் காஞ்சிருச்சா. அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னிடம், "புனல்னா எண்ணெய் ஊத்தறதுக்கு. அவர் தலையில ஊத்தலாம்" என்பார். பதிலுக்கு இவர் கிராஸ்ஓவரைப் பங்குப் பலகை என்று கூப்பிட ஆரம்பித்தார். நல்லா இருந்த பாட்டைப் பிரிச்சுக் குடும்பத்தைக் கெடுக்கிற பலகை என்று விளக்கமும் சொல்வார். அந்தப் பலகைக்கு வேண்டிய செம்புக் காயில்களை நான்தான் சுற்றிக் கொடுத்தேன். எனக்குக் கை நிதானம் என்று அத்தான் என்னிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தார். கம்பி விரலை அறுக்கும். ஆனாலும் பிடித்திருந்தது.

என் அக்கா பாட்டு வகுப்பு நடத்துகிறாள். ஒரு கட்டிடத்தின் மாடியில் நீளமான கூடம். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எல்லாரும் அங்கே வருவார்கள். இருந்த ஸ்பீக்கர்களில் முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், பின்வரிசைக்காரர்கள் என்ன பாட்டு என்று பக்கத்தில் கேட்பார்கள். இந்த வருஷம் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜோடி செய்துகொடுங்கள் என்றாள். பெட்டியும் வேவ்கைடும் என் வீட்டுக்காரர், கிராஸ்ஓவர் அத்தான்.

தையல்கடையும் டீக்கடையும் ஒரு தெருவோடு போய்விடும். இந்த ஜோடியை ஊரில் பாதிப் பேர் ஒரே மாலையில் கேட்கப்போகிறார்கள். கேட்டுவிட்டு இதை யார் பெட்டி என்று சொல்வார்கள் என்பதுதான் அவருக்கு அப்போது உலகத்தில் இருந்த ஒரே கேள்வி.

அதற்கான பதில் மெல்ல மெல்ல அத்தான் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அத்தான் அந்தப் பலகையை எங்கே போனாலும் கையோடு எடுத்துப் போனார். தன் வீட்டில் ஒரு வெறும் ப்ளைவுட்டில் ஊஃபரையும் ட்வீட்டரையும் பதித்து, நாள்கணக்கில் கேட்டு, சாமான்களை மாற்றி மாற்றி அதைச் சரிசெய்திருந்தார். பார்ப்பவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வார். ட்வீட்டரின் ஒரு முனையில் சிவப்புப் புள்ளி இருக்கும். சிவப்பு ஒயர் அதில்தான் சேர வேண்டும். "மாறிப் போச்சுன்னா அவ்வளவுதான். நடுவுல இருக்கிற குரல் காணாமப் போயிடும்" என்பார். எங்கள் அப்பா வந்திருந்தபோது பலகையைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது மூளை வேலை மாப்பிள்ளை" என்று அத்தானிடம் சொன்னார். பிறகு பக்கத்தில் நிற்கிற இன்னொரு மாப்பிள்ளை நினைவுக்கு வந்து, வேவ்கைடைத் தடவி, "இதுவும் நல்லா வழவழன்னு இருக்கு" என்றார்.

அந்த 'இதுவும்' எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்தது.

முதல் பெட்டியை எங்கள் முன்னறையில்தான் பூட்டினார்கள். அத்தான் பலகையை உள்ளே திருகி, ஒயர்களை மாட்டி, ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பாட்டுப் போடவில்லை. முதல் பாட்டை அக்காவோடு சேர்ந்துதான் கேட்பேன் என்று அவளைக் கூப்பிடப் போனார்.

நான் சமையலறையில் இருந்தேன். முன்னறை அலமாரிக் கதவில் கண்ணாடி உண்டு; கதவு பாதி திறந்திருந்தால் அடுப்படியிலிருந்தே முன்னறை தெரியும். என் வீட்டுக்காரர் பெட்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பலகை இருக்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்துவிட்டு, பின்பக்கத் தட்டைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, ட்வீட்டரின் இரண்டு ஒயர்களையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினார். தட்டை மூடித் திருகிவிட்டு, துணி எடுத்துப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தபோது நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்தாள். அவள் குரலில் பதிவு செய்த ஒரு பாட்டையே போட்டார்கள். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து, குரல் காணாமல் போவதற்காகக் காத்திருந்தார்.

குரல் காணாமல் போகவில்லை. அக்கா பெட்டிக்குள் இருந்து எழுந்து வந்து அறையின் நடுவில் நிற்பது போல இருந்தது. நிஜ அக்கா இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்து பார்த்தாள். பாட்டு அவளோடு கூடவே நடந்தது. எங்கும் குத்தவில்லை, எங்கும் மறையவில்லை.

அக்கா தன் புருஷனைப் பார்த்து, "நீங்க இவ்வளவு நாள் அந்தப் பலகையைக் கட்டிக்கிட்டு அழுததுக்கு அர்த்தம் இருக்கு" என்றாள். அத்தானின் முகம் மலர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரரின் முகத்தை அவள் கவனித்திருக்க வேண்டும். "தம்பி காதுல புகை வருதே. ஒயர் பத்தவைக்கிற சால்ட்ரிங் புகைன்னுல்ல நெனச்சேன்" என்று சிரித்தாள்.

அதற்கடுத்த நாட்களில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்து பெட்டி முன்னால் உட்காருவார். தட்டைக் கழற்றி ஒயர்களைப் பழையபடி, அத்தான் சொன்னபடி, சிவப்பில் சிவப்பாக மாட்டிக் கேட்பார். அக்கா குடத்துக்குள் இருந்து பாடுவாள். மறுபடி மாற்றுவார். அக்கா வெளியே வருவாள். திரும்பத் திரும்ப இதையே செய்தார். கெடுக்க வேண்டும் என்று செய்தது பெட்டியைச் சரிசெய்துவிட்டது. பெயர் சகலைக்குப் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் பாராட்டு இவருக்கு வரும், ஆனால் எதற்காகக் கை வைத்தாய் என்ற கேள்வியும் கூடவே வரும்.

ஒருநாள் என்னிடம், "அன்னிக்கு நீ எதையாவது பாத்தியா?" என்றார்.

"எதை?"

"ஒண்ணுமில்ல" என்று எழுந்து போய்விட்டார். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

இரண்டாவது பெட்டியை அத்தான் மாடிக் கூடத்திலேயே பூட்டினார். மறுநாள் ஆண்டு விழா. நாற்காலிகள் போட்டாயிற்று. நான் பெருக்கித் துடைக்கப் போயிருந்தேன். அக்காவும் என் வீட்டுக்காரரும் இருந்தார்கள். அத்தான் வழக்கம்போலச் சிவப்பைச் சிவப்பில் மாட்டி, இரண்டு பெட்டியையும் சேர்த்துப் போட்டார். பதிவில் இருந்த அக்காவின் குரல் எங்கே நிற்பது என்று தெரியாமல் கூடம் முழுக்க அலைந்தது. முதல் பெட்டியைத் தனியாகப் போட்டால் சரியாக இருந்தது. இரண்டாவதைத் தனியாகப் போட்டால் குடம்.

அத்தான் இரண்டாவது பலகையைக் கழற்றி ஒவ்வொரு சாமானாக மாற்றினார். ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டே போனது. என் வீட்டுக்காரர் பின்வரிசை நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். விருந்தில் உளித்தடம் அகப்பட்ட முகம் அது. பெட்டியைப் போய்ப் பார்க்கவும் இல்லை.

"ரெண்டாவது புனல் அளவு மாறியிருக்குமோ சகலை?" என்று அத்தான் கேட்டார்.

"அச்சு வெச்சுக் கடைஞ்சது. பலகையைப் பாருங்க."

அக்கா பொறுமை இழந்து, வாடகைக்கு ஸ்பீக்கர் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். அத்தானுக்கு வேர்த்துவிட்டது. பலகையில் இனி மாற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தவரின் கண் என் காயில்களில் வந்து நின்றது.

"பாப்பா, இதைச் சுத்தும்போது எங்கயாவது கவனம் சிதறிச்சா?" என்றார். எங்கள் வீட்டில் நான் இன்னும் பாப்பாதான். "தப்பா எடுத்துக்காதே. ஒருவேளை சுத்து குறைஞ்சிருக்கலாம். பிரிச்சு இன்னொரு தடவை சுத்திடறியா?"

நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். சுத்து குறையவில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் குடம் கேட்கிறது என்பதும் தெரியும். அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. அவரைப் பார்த்தேன். அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்புக்கம்பி அறுத்த இடங்கள் இன்னும் ஆறாமல் இருந்தன.

கால் மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார்.

"காயிலைத் தொடாதீங்க" என்றார். "ட்வீட்டர் ஒயரை மாத்திப் போடுங்க சகலை."

"சிவப்பு சிவப்புலதான் இருக்கு."

"அதான் தப்பு. முதல் பெட்டியில நான் மாத்திப் போட்டிருக்கேன்."

அத்தான் போய் முதல் பெட்டியின் தட்டைக் கழற்றிப் பார்த்தார். திரும்பி வந்து, இரண்டாவதில் ஒயர்களை மாற்றினார். பாட்டைப் போட்டதும் அக்காவின் குரல் அலைவதை விட்டுவிட்டு, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், வெறும் மேடையில் வந்து நின்றது.

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். விரலை வேவ்கைடுக்குள் விட்டு அதன் ஆழத்தைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் தனக்குள்ளேயே பேசினார். பிறகுதான் எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார். அவர் வீட்டில் வெறும் ப்ளைவுட்டில் கேட்டபோது ட்வீட்டர் முன்னால் இருந்தது. இதில் மரக்குழியின் அடியில், பின்னால் தள்ளி இருக்கிறது. ஊஃபரும் ட்வீட்டரும் சேர்ந்து பாடும் இடத்தில் ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்திருக்கிறது. அதனால்தான் குரல் நடுவில் காணாமல் போனது. ஒயரை மாற்றினால் இரண்டும் சேர்ந்து தள்ளும்.

"புனலை வெச்சதும் கணக்கே மாறிடுச்சு. எனக்குத் தோணல. உங்களுக்குத் தோணியிருக்கு" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தோணல" என்றார் என் வீட்டுக்காரர். அவர் முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. "மாத்தினா குரல் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க. போகட்டும்னுதான் மாத்தினேன்."

அத்தான் வேவ்கைடிலிருந்து விரலை எடுத்தார். பிறகு அக்கா சிரித்தாள். "கேட்டீங்களா? இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்சுட்டு, வாயைத் திறக்கறாரா பாருங்க. அடக்கம்னா இது அடக்கம்" என்று அத்தானிடம் சொன்னாள்.

"இல்லக்கா. நிஜமாவே கெடுக்கத்தான்."

"போதும் தம்பி. உங்களைத் தெரியாதா எனக்கு" என்று சொல்லிவிட்டு, வாடகை ஸ்பீக்கர் வேண்டாம் என்று சொல்லப் போய்விட்டாள்.

அத்தான் சிரிக்கவில்லை. தரையிலிருந்து எழவும் இல்லை. என் வீட்டுக்காரரை அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். எங்கள் வீட்டில்தான், தினமும். அடுத்தவர் வீட்டு வழவழப்பான நாற்காலிக் காலைத் தடவிப் பார்த்த பிறகு வருகிற பார்வை. அத்தானுக்கும் அது உண்டு என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

"கெடுக்கறதுக்குக் கை வெச்சாக்கூட உங்களுக்குச் சரியா வருது சகலை" என்றார். அது பாராட்டு இல்லை.

விழாவில் பிள்ளைகள் பாடினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு வயதானவர் ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது என்று எழுந்து வந்து சொன்னார். அக்கா மைக்கில், இந்தப் பெட்டிகளைச் செய்தவர் கடைசல்காரர் என்று சொல்லி, அவரை எழுந்து நிற்கச் சொன்னாள். கை தட்டினார்கள். இத்தனை நாள் அவர் காத்திருந்தது அதற்குத்தான். எழுந்து நின்றவர், யாரோ ஒருவருடைய சட்டையைத் தவறுதலாகப் போட்டுக்கொண்டு வந்தவர் போல, முன்பக்கத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாற்காலி தள்ளி அத்தானும் கை தட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினார்.

இப்போது தெருவில் எல்லாரும் கடைசல் பெட்டி என்றுதான் சொல்கிறார்கள். இன்னொரு முறை சொல்லுங்கள் என்று அவர் கேட்பதில்லை. அத்தானும் கிராஸ்ஓவரைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. புனல் என்ற வார்த்தையையும் விட்டுவிட்டார். வேவ்கைடு என்றே சொல்கிறார், இவர் சொல்வதைவிடத் திருத்தமாக.

போன வாரம் மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது, அத்தான் பட்டறையில் நின்றிருந்தார். கடைசல் கற்றுக்கொள்ள வந்திருக்கிறாராம். ஒரு வேவ்கைடாவது தன் கையால் கடைந்து பார்க்க வேண்டுமாம். சட்டைக் கையை மடித்துவிட்டு லேத் முன்னால் நின்று, "உளியைக் கொடுங்க சகலை" என்றார்.

என் வீட்டுக்காரர் பெஞ்சின் அடியில் தேடி, மழுங்கிப்போன பழைய உளி ஒன்றை எடுத்தார். நீட்டப் போனவர் பாதியில் நின்றார். கையில் இருந்த உளியைப் பார்த்தார், சுழன்றுகொண்டிருந்த கட்டையைப் பார்த்தார். இதுவும் நல்லதாகவே முடிந்து தொலைத்துவிடுமோ என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

மழுங்கிய உளியைத் திரும்ப அடியில் போட்டுவிட்டு, தன்னுடைய நல்ல உளியை எடுத்துக் கொடுத்தார்.